மாத்தேயும் உப்பும்

அம்மா,

ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் நீ விட்டு இன்றோடு பத்தொன்பது நாள். நேற்று குளியலறையில் தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டாய். வெயில் என்றாய். வெயில் இல்லை, உப்புக் குறைவு. மாவுச்சத்தை நிறுத்தினால் சிறுநீரோடு உப்பும் நிறைய வெளியேறும். நீயோ நாள் முழுக்க வெறும் வயிற்றில் மாத்தே இலைத் தேநீரைக் குடிக்கிறாய்.

அடுப்பில் எலும்புச் சூப் இருக்கிறது. ஒரு கிண்ணத்தில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு இப்போது குடி, மாலையில் இன்னொன்று. இந்த மான்டிவிடியோ நகரத்து ஓட்டல்களில் சட்டப்படி மேசை மேல் உப்பு வைப்பதில்லை என்பதற்காக நீயும் ஒளித்துவைக்காதே. குப்பியை எடுத்து வெளியே வைத்திருக்கிறேன்.

இறைச்சியோடு, பொட்டாசியத்துக்காகக் கீரையும் பாதி அவகாடோவும் சாப்பிடு. பொட்டாசியம் மாத்திரையை நீயாக வாங்கிப் போடாதே. மறுபடி தலைசுற்றினால் மருத்துவரிடம் போ.

"உப்பு தின்னா ஊதிப்போவேன்டி! ராமிரோவோட உன் கல்யாணத்துக்கு அந்த நீல கவுனுக்குள்ள எப்படி நுழையுறது? இதத்தான் காலேஜ்ல படிச்சியா?" என்று நேற்று கத்தினாய். ஊதினாலும் அது வெறும் நீர்தான், கொழுப்பு இல்லை. நேற்றே நான் இதைச் சொல்லியிருக்கலாம்.

நோயெலியா

பி.கு. உப்பை மாத்தேயில் கலந்து குடித்துவிடாதே. உன்னை நம்ப முடியாது.

இன்னொன்று. மூன்று மணிக்குத் தையல்காரி மிர்த்தா வருவாள். காபி கொடு, ஆனால் கவுனில் கத்தரி வைக்க விடாதே. அதற்காக நீ இனிப் பட்டினி கிடக்கவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையே ராமிரோவிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

கல்யாணம் இல்லை, அம்மா.