காலி மாத்திரை அட்டை

மார்ச் 3

என் செல்ல வாலுக்கு,

அக்கா எழுதுவது. குட்டி வாலு பாலைக் குடிக்கிறாளா, உன்னையே குடிக்கிறாளா? தையல் கம்பெனியில் பட்டனை ரகம் ரகமாகப் பிரித்துப் பிரித்து என் கண் இரண்டும் பட்டனாகவே ஆகிவிட்டது.

பிரசவத்துக்குப் பிறகு உன் இதயம் வீங்கி, ஆஸ்பத்திரியில் நீ மூச்சுக்குத் தவித்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. மாத்திரை போட்டாயா என்று போனில் கேட்டால் "போடறேன்க்கா, போடறேன்க்கா" என்று பாட்டுப் பாடுகிறாய். அந்த ராகமே சரியில்லை. தீர்ந்ததும் காலி அட்டையைக் கடிதத்தில் வைத்து அனுப்பு.

சந்தேகப் பிராணி,
உன் அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்கா,

நீ போலீசுக்குப் போயிருக்க வேண்டியவள். இதோ அட்டை, பத்தும் காலி. குட்டி இப்போதெல்லாம் நன்றாக விழித்து விளையாடுகிறாள். எனக்குத்தான் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தூக்கம் போதவில்லை, வேறொன்றுமில்லை.

வாலு


மார்ச் 21

அடி திருட்டு வாலே,

எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்ற தைரியம்தானே உனக்கு? பதினெட்டு வருஷமாகப் பட்டனுக்குப் பட்டன் பொருத்திப் பார்ப்பவள் நான். ஆஸ்பத்திரியில் நீ போட்ட மாத்திரையின் காலி அட்டை ஒன்று என் பையில் கிடந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டாய்.

மருந்துக் கடைக்காரரிடம் காட்டினேன். "இது ரத்தம் ஊறக் கொடுக்கிற சத்து மாத்திரைம்மா" என்றார். கடையில் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அம்மா ஞாபகம் வந்தது.

அம்மாவும் "போட்டுட்டேன்டி" என்றுதான் சொன்னாள். அவள் போன பிறகு தலையணை உறைக்குள்ளிருந்து எத்தனை மாத்திரை எடுத்தோம்? நீயும்தானே கூட இருந்தாய்?

உண்மையை எழுது.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். உன் கடிதம் வரும்வரை இரண்டு வாரத்துக்கு மேல் நான் இதய மாத்திரையே போடவில்லை. போட்ட நாளிலெல்லாம் குட்டி பாலை வாயில் வைத்தபடியே தூங்கிப்போனாள். காலைச் சுண்டினாலும் எழவில்லை. பாலில் மருந்து இறங்குகிறதோ என்று பயந்தேன். டாக்டரிடம் கேட்டால் பாலை நிறுத்தச் சொல்லிவிடுவாரோ என்று அதைவிடப் பயந்தேன்.

கடிதம் வந்த அன்றே போனேன். டாக்டரம்மா முதலில் குட்டியின் நாடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பிடித்துக்கொண்டார். "நீயா எப்படிம்மா நிறுத்தலாம்? குழந்தை எழவே மாட்டேங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பேனே!" அந்த மருந்து பாலில் கொஞ்சம் அதிகம் போகுமாம். மிகக் குறைவாகப் போகும் வேறொன்று எழுதிக் கொடுத்தார். பாலை நிறுத்த வேண்டாம், குட்டி சோர்ந்தால் உடனே தூக்கி வா என்றார்.

குட்டி விழித்திருக்கிறாள். நேற்று மாடிப்படி முழுவதையும் நிற்காமல் ஏறினேன். இனி அட்டை எதற்கு? என்னை நம்பக்கூடாதா?

வாலு


ஏப்ரல் 14

என் கண்ணே,

மூன்று தரம் படித்தேன். நீ பயந்ததில் தப்பில்லை, வாயை மூடிக்கொண்டதுதான் தப்பு. தினமும் உன்னை விசாரித்த மருந்துக் கடைக்காரருக்கும் சேதி சொல்லிவிட்டேன், அவருக்கும் தூக்கம் வர வேண்டுமே.

உன்னை முழுசாக நம்புகிறேன்.

அட்டையை அனுப்பு.

அக்கா