வலது காலில் இருந்த இரும்பு

அக்கா,

ஆஸ்பத்திரிக் கணினியில் இடமில்லை, பழையதை அழியுங்கள் என்றார்கள். அழிக்கப் போனால் உங்கள் தாடை திரையில் வந்து நிற்கிறது. கட்டி தின்ற இடத்தை வெட்டி நீக்கி, கெண்டைக்காலின் மெல்லிய எலும்பை மூன்று துண்டாக்கி அந்த இடத்தில் நான் கணினியிலேயே பொருத்திப் பார்த்த படம். மயிரிழை பிசகில்லை. பார்க்கப் பார்க்க என்மேல்தான் கோபம் வருகிறது.

மாங்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்த முதல் நாள் நீங்கள் கேட்டது ஒன்றுதான். "கஞ்சி குடிச்சு நாக்குச் செத்துப்போச்சு தம்பி. ஒரு முறுக்கை நொறுக்கெண்டு கடிக்கவேணும்." நான் சிரித்துக்கொண்டே படிவத்தை நிரப்பினேன். பழைய காயம் ஏதும் உண்டா என்றேன். "ஒண்டுமில்லை" என்றீர்கள்.

வலது காலில் எலும்பு எடுப்பதென்று சத்திரசிகிச்சைக்கு நாளும் குறித்தாயிற்று. பிறகு இரண்டு கால்களையும் படம் எடுத்தோம். வலது கால் எலும்புக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயை ஒட்டி, போர்க்காலத்து ஷெல் துண்டு ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது. அந்த எலும்பைத் தொட முடியாது. குறித்த நாள் போயிற்று.

எனக்கு மூக்குக்குமேல் கோபம். வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்க, "பொய் சொல்லி எங்கட வேலையைக் கெடுக்கிறியளோ?" என்று கத்தினேன். நீங்கள் சேலையைக் கால்வரை இழுத்துவிட்டீர்கள்.

"எழுதினால் பிறகு ஆர் வாசிப்பினமோ தெரியாது, தம்பி. சண்டை நேரம் எங்க நிண்டனீ, ஆரோட நிண்டனீ எண்டு கேப்பினம். அதுதான்... போட்டு வாறன்."

நீங்கள் போனபின் இடது காலை வைத்துத் திட்டத்தைத் திரும்பப் போட்டேன். அதுதான் இந்தப் படம். நீங்கள் வரவில்லை. மாங்குளம் ஒரு மணித்தியாலப் பாதை, நானும் வரவில்லை. வேலை அதிகம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வீண் ரோஷம், வேறென்ன? மாதங்கள் கழித்து உங்கள் தங்கை தொலைபேசியில் சொன்னார்: "அக்கா மோசம் போயிட்டா, செத்தவீடும் முடிஞ்சுது. டொக்டர் கோவமெண்டு வரப் பயந்தவா."

போன கிழமை ஒரு ஐயா வந்தார், அவருக்கும் தாடையில் கட்டி. பேனையை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டேன். "நான் எழுதேல்லை ஐயா. உடம்பில இரும்பு ஏதும் கிடக்கோ? எலும்பு எடுக்கிற இடம் பிழைக்கக்கூடாது, அதுக்குத்தான்." திரும்பிக் கதவைப் பார்த்தார். பிறகு சாரத்தை முழங்கால்வரை உயர்த்தினார்.

உங்களிடமும் இப்படிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள், அக்கா. எனக்குத் தெரியும்.