வர இருந்தவன்

கொக்கட்டிச்சோலை
12.06.2004

அன்பு மகள் ஜெயவதனிக்கு அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், நீயும் மருமகனும் பேரனும் சுகமாய் இருக்க வேண்டும். அப்பாவின் கால் வீக்கம் வடிந்து வட்டைக்கு வயல் பார்க்கப் போய்வருகிறார். உன் கடிதம் கிடைத்தது. அமெரிக்காவில் ஓரிடத்தில் கரு உண்டாக முந்தியே ஆண், பெண் பிரித்துத் தருவார்களாம், அண்ணனைப் போல இன்னொரு பெடியனைப் பறிகொடுக்க ஏலாது, பெண்தான் கேட்கப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். தொண்ணூறில் ஆமி ஊரைச் சுற்றிவளைத்து உன் அண்ணனைக் கொண்டுபோனபோது என் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நீ, உன்னை எப்படிக் குறை சொல்வேன். ஆனாலும் பக்கத்து வளவுச் சீதேவிப்பிள்ளை வீட்டில் நடந்ததைக் கேள்.

அவளுடைய மகன்மார் இரண்டு பேரும் அதே சுற்றிவளைப்பில்தான் போனார்கள். பிறகு அவள் உன்னிச்சையில் ஒரு பரியாரியிடம் போய், பெண் மட்டும் தரிக்க வேண்டும் என்று நாற்பது நாள் மருந்து குடித்தாள். என்னைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. அப்படிப் பிறந்தவள்தான் தங்கமலர், நீ வெளிநாடு போகும்போது நடை பழகிக்கொண்டிருந்தாளே, அவள். ஐந்து வயதில் ஒரு மத்தியானம் இன்னொரு கோப்பையில் சோறு போடச் சொன்னாளாம். யாருக்கு என்று தாய் கேட்க, "எனக்குப் பதிலா வர இருந்தவனுக்கு. நீங்க வேணாமெண்டதால வாசல்ல நிக்கான்" என்றிருக்கிறாள். சீதேவிப்பிள்ளை அவளை அடித்தாள், பிறகு பயந்துபோய் தினமும் ஒரு கோப்பை வைத்தாள். செத்தவர்களுக்கு வைக்கிற சோற்றைக் காகம் எடுக்கும், இதை ஒரு காகமும் தொடாது, நானே கண்டிருக்கிறேன்.

போன வருஷம் இயக்கத்துக்கு வீட்டுக்கொரு பிள்ளை கேட்டு வந்தவர்கள் தங்கமலரைப் பள்ளிக்கூடப் பாதையில் பிடித்துக்கொண்டு போனார்கள், பெண் என்றும் பார்க்கவில்லை. இந்தச் சித்திரையில் பிடித்த பிள்ளைகளை வீட்டுக்கு விட்டபோது மண்முனைத்துறையில் இறங்கி உச்சி வெயிலில் நடந்து வந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள், கால்சட்டையும் சேட்டும் போட்டிருந்தாள். வாசலில் நின்றவளைக் கண்டதும் சீதேவிப்பிள்ளை காலில் விழுந்து, "வந்திட்டியா மனே, உன்ன வேணாமெண்டு சொன்னத மறந்திரு" என்று அழுதாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அந்தப் பிள்ளை தாயைத் தூக்கவுமில்லை, நான் தங்கமலர் என்று சொல்லவுமில்லை. "ஓம்மா, வந்திட்டன்" என்றது. உள்ளே போய் அந்தக் கோப்பைச் சோற்றைச் சாப்பிட்டது. இப்போது மனே என்று ஆண்பிள்ளையாய்க் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறது. தங்கமலர் என்று நான் எத்தனையோ தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன்.

பெண் பிறந்தால் எனக்கும் ஆசைதான் மகள். ஆனால் ஒருவனை வேண்டாம் என்று சொல்லிப்போட்டு அவளைக் கூப்பிடாதே. உன் அண்ணன் பதினேழு வயது மட்டும்தான் இருந்தான். அவன் உண்டாக முந்தி இப்படிப் பறிகொடுப்பாய், பெறுவாயா என்று என்னிடம் யாராவது கேட்டிருந்தால், பயத்தில் நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். நல்ல காலம், என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

மருமகனோடு ஆறுதலாய்ப் பேசி முடிவெடு. பேரனின் புதுப் படம் ஒன்று அனுப்ப மறக்காதே. நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு நல்லாயிருக்க வேண்டும்.

உன் அம்மா
இரத்தினம்மா