பெரட்டைக் கலைத்த குரல்

என் செல்லம்மாவுக்கு,

நாத்தனார் என்ற உறவுக்கு ஊர் ஒதுக்கிவைத்திருக்கிற சண்டையில் ஒன்றைக்கூட என்னோடு போடாமல் போய்விட்டவளே,

நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. நம் லயத்து வரிசையில் எனக்கு அடுத்த வீடான உன் காம்பராவில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. நல்ல மனிதர்கள்தான். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினால், "என்னடி, கொத்தமல்லித் தண்ணி போட்டுத் தரவா?" என்று கேட்க எனக்கு வாய் வந்துவிடுகிறது. பாதியில் ஞாபகம் வந்து நிறுத்திக்கொள்கிறேன்.

நம் இருவரில் பேசத் தெரிந்தவள் நீ, எழுதத் தெரிந்தவள் நான். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரை படித்ததை நம்பி இதை எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். "என்னையப் பத்தி எழுத என்ன மதினி கெடக்கு, வேற வேலையில்லையா ஒங்களுக்கு?" என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். போன வாரம் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கு முன்னால் பழசைச் சொல்லியாக வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான். படிக்கிறவர்களுக்குத் தெரியாதே.

அந்த மார்கழி மழையை மறக்க முடியுமா? மழை ஓய்ந்தபோது அக்கரப்பத்தனைக்குப் போகிற பாதையை ஆறு கொண்டுபோயிருந்தது. வட்டவளைப் பக்கம் ரயில் தண்டவாளத்தின் மேல் மலையே சரிந்து கிடப்பதாகச் சொன்னார்கள். அரிசி வாங்க டவுனுக்குப் போன உன் அண்ணன் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். இந்தப் பக்கம் நான் நிறைமாதக்காரி.

வலி எடுத்து ஒரு பகலும் ஓர் இரவும் போயிற்று. பிள்ளை இறங்கவில்லை. தோட்டத்து டொக்டரையா வந்து பார்த்துவிட்டு வாசலில் நின்று உன்னிடம் மெதுவாகப் பேசினார். எனக்கு இடுப்புதான் போயிருந்தது, காது நன்றாகவே இருந்தது.

"பிள்ள குறுக்க கெடக்கும்மா. ஒப்பரேசன் பண்ணித்தான் எடுக்கணும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாட்டி ரெண்டு உசுரும் தங்காது."

நீ உள்ளே வந்து என் தலையைத் தடவிவிட்டு, "ஒண்ணுமில்ல மதினி, சரியாயிரும்னு சொல்றாரு" என்றாய். உனக்குப் பொய் சொல்லவே வராது. மற்றவர்களைப் போலப் பேசிக் காட்ட மட்டும்தான் வரும்.

அதைச் சொல்ல வேண்டும். துரை, கணக்கப்பிள்ளை, கடை வைத்திருக்கும் நானா, கோயில் பூசாரி என்று உன் தொண்டையில் ஒரு தோட்டமே குடியிருந்தது. அதிலும் நம் வேலைகளை மேற்பார்க்கிற கண்டாக்கையாவின் குரல் உனக்கு அச்சுப் பிசகாமல் வரும். விடியற்காலையில் தப்படித்து ஆட்களைக் கூட்டி, பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்தி, யார் எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்று பிரித்துக் கொடுத்ததும் அவர் ஒரு தடவை செருமுவார். "ம்க்கும். பெரட்டு முடிஞ்சுது, ஏறு மலைக்கு." அதைக் கேட்காமல் ஒரு கால் நகராது. அதை நீ கொழுந்துக் கூடையோடு அவர் முதுகுக்குப் பின்னால் நின்று சொல்லிக் காட்டுவாய். "பொம்பளப் புள்ளைக்கு ஏன் இந்தக் கோமாளி வேல?" என்று உன் அண்ணன் எத்தனை தடவை அதட்டியிருப்பார்?

கடல் தாண்டி ஒரு வெளிநாட்டுப் போர்க்கப்பல் வந்திருப்பதாகவும், அதிலிருந்து ஹெலிகொப்டர்கள் வெள்ளத்தில் அகப்பட்ட ஊர்களுக்கு அரிசியும் மருந்தும் கொண்டுவருவதாகவும் துரை பங்களா ரேடியோவில் சொன்னார்களாம். அன்று காலையில் மலைக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டதும் நீயும் இன்னும் மூன்று பேரும் என்னைக் கம்பளியில் போட்டு, இரண்டு பக்கமும் மூங்கில் கொடுத்து, பெரட்டுக் களத்து ஓரத்துக்குத் தூக்கி வந்தீர்கள். நம் தோட்டத்தில் சமமான இடம் அது ஒன்றுதானே.

நாம் வருவதற்குள் கண்டாக்கையா தப்படிக்கச் சொல்லிவிட்டார். வானத்தில் வருகிறவனைத் தப்படித்துக் கூப்பிட்ட தோட்டம் உலகத்திலேயே நம்முடையதாகத்தான் இருக்கும். தப்புச் சத்தம் கேட்டால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், களம் நிறைய வரிசை கட்டி நின்றுவிட்டார்கள்.

"தொர வந்தா எப்பிடி நிப்பீங்களோ அப்பிடி நிக்கணும். எவனும் அசையக் கூடாது. நம்மளப் பத்தி அவங்க நல்லா நெனைக்கணும்" என்றார் கண்டாக்கையா.

அந்த இயந்திரம் தலைக்கு மேல் வந்து நின்றது. பெண்களின் தலைச்சேலை பறந்தது, ஆண்களின் தலைப்பாகை உருண்டு ஓடியது, ஒருவரும் அசையவில்லை. கதவோரம் உட்கார்ந்திருந்த சிப்பாய் இரண்டு கையையும் விரித்து விரித்து ஆட்டினான். விலகுங்கள் என்கிறான் என்று யாருக்குத் தெரியும்? வரிசை முழுதும் அவனைப் பார்த்துக் கும்பிட்டது. அவன் இன்னும் வேகமாக ஆட்டினான். இவர்கள் இன்னும் பணிவாகக் கும்பிட்டார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அது மேலே ஏறி மலைக்குப் பின்னால் போய்விட்டது.

நான் தரையில் கிடந்தபடி அது போவதைப் பார்த்தேன். அவ்வளவுதான் என்று நினைத்தேன், செல்லம்மா. பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் போகப்போகிறோம் என்று நினைத்தேன்.

நீதான் எழுந்தாய். "ஐயா, அவன் எறங்கறதுக்கு எடம் எங்க இருக்கு? ஆளுகள நகரச் சொல்லுங்க."

"வந்தவங்களுக்கு முன்னால செதறி ஓடுனா அது மரியாதையா? நீ போயி அந்தப் புள்ளையப் பாரு" என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை. பெரட்டு கலைந்தால் அரிசி கிடைக்காது என்று உண்மையாகவே பயந்துவிட்டார்.

மலைக்குப் பின்னால் சத்தம் திரும்பக் கேட்டது. நீ அவரை ஒரு தடவை பார்த்தாய், என்னை ஒரு தடவை பார்த்தாய். கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் படியில் ஏறினாய்.

"ம்க்கும். பெரட்டு முடிஞ்சுது, ஏறு மலைக்கு."

அவ்வளவுதான். யார் சொன்னது என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தினம் தினம் கேட்ட குரல் அல்லவா? கூடையோடு வந்தவர்கள் கூடையோடு, தடியோடு வந்தவர்கள் தடியோடு, அவரவர் மலைக்கு ஏறத் தொடங்கிவிட்டார்கள். வாயைத் திறந்தபடி களத்தில் தனியாக நின்றவர் கண்டாக்கையா மட்டும்தான். அவரையும் நீ கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினாய்.

களம் காலியாயிற்று. அது இறங்கியது. அரிசி மூட்டைகளும் மருந்துப் பெட்டிகளும் வெளியே வர, நானும் நீயும் உள்ளே போனோம். ரயிலில்கூட ஏறியிராத நீ, அந்தச் சிப்பாயின் தோளைத் தட்டி, "தம்பி, புள்ளத்தாச்சி இருக்கா, கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லுங்க" என்று தமிழில் சொன்னாய். அவன் என்ன புரிந்துகொண்டானோ, தன் மேல்சட்டையைக் கழற்றி என் காலில் போர்த்தினான். நீ கீழே எட்டிப் பார்த்து என் காதில் கத்தினாய்: "மதினி, நம்ம பெரட்டுக் களம் ஒரு சொளகு அளவுதான் இருக்கு. இதுக்குப் போயா இம்புட்டுப் பயந்தோம்?"

கண்டியில் இறக்கினார்கள். இரண்டு உயிரும் தங்கின. செல்வராணி பிறந்தாள்.

ஆஸ்பத்திரியில் நீ சொன்னது ஒன்று இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. "அந்தச் சிப்பாய்ப் பையன் நம்மள எந்த நாடுன்னு ஒரு வார்த்த கேக்கலயே மதினி." இப்போது லயத்தில் அதே பேச்சாக இருக்கிறது. அரசாங்கம் யாரை இந்த நாட்டில் வைத்துக்கொள்ளும், யாரைக் கப்பலேற்றி நம் பாட்டன்மார் வந்த அக்கரைக்கு அனுப்பும் என்று. எங்களை என்ன செய்வார்கள்? தெரியவில்லை. ஆனால் கேட்காமல் தூக்கிக்கொண்டு போன ஒரு கையை நான் பார்த்துவிட்டேன். அதனால் முன்போல் பயம் இல்லை.

திரும்பி வந்த பிறகு முதல் பெரட்டு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? வேலை போய்விடும் என்று நாம் நடுங்கிக்கொண்டு நின்றோம். கண்டாக்கையா எல்லோருக்கும் மலை பிரித்துக் கொடுத்தார், செருமினார், நிறுத்தினார். "என்ன செல்லம்மா, ஆளுகள அனுப்பலாமா?" என்றார். அந்தச் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். கடலோரத்தில் பெரிய புயல் அடித்துப் பல ஊர்கள் அழிந்துவிட்டன. நம் தோட்டத்தில் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி என்று எடுத்தோம். கடை நானா சாக்குகளைக் கொடுத்து, தன் பங்குக்குப் பருப்பும் கொடுத்தார். நமக்கு வானத்திலிருந்து அரிசி வந்த அதே களத்திலிருந்து மூட்டைகள் புறப்பட்டன. நீ பார்த்திருக்க வேண்டும்.

ஏற்றிப்போக லொறி வந்தது. நம் ஆட்கள் அரிசியை ஒழுங்காகக் கொடுக்க வேண்டுமே என்று, லொறி நுழைய இடமில்லாமல் களம் நிறைய வரிசை கட்டி நின்றார்கள். டிரைவர் ஹோன் அடிக்கிறார். எல்லோரும் மரியாதையாகச் சிரிக்கிறார்கள். ஒருவரும் நகரவில்லை.

"ம்க்கும். பெரட்டு முடிஞ்சுது, ஏறு மலைக்கு."

களம் கலைந்தது. கண்டாக்கையாவுக்கு இப்போது தலை முழுதும் நரை, இந்த வருடத்தோடு வேலையை விடுகிறார். அவர் மடுவத்துப் பக்கம் மெல்லத் திரும்பி, "செல்லம்மா வந்துட்டாளா?" என்றார்.

மடுவத்துப் படியில் உன் மருமகள் செல்வராணி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பால்பல் விழுந்த வாயோடு.

யாரிடம் படித்தாள்? உன் மடியில் கிடந்த நாட்களிலேயே பிடித்துக்கொண்டாளா? உன் அண்ணன் வழக்கம்போல, "பொம்பளப் புள்ளைக்கு..." என்று ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்த்தார், படியைப் பார்த்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மூட்டை தூக்கப் போய்விட்டார்.

செல்லம்மா, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நாங்கள் இங்கே இருந்தாலும் சரி, அக்கரைக்குப் போனாலும் சரி, அவள் வாயை மூடு என்று நான் சொல்லமாட்டேன், யாரையும் சொல்ல விடவும் மாட்டேன். அந்தக் குரலால்தான் நானும் அவளும் உயிரோடு இருக்கிறோம்.

உன்னால் பிள்ளை முகம் பார்த்த,
உன் மதினி