ஓட்ஸ் பாட்டு

1814 ஜனவரி 4, செவ்வாய்

ஒரு வாரமாக ஊரை அமுக்கிக்கொண்டிருந்த மூடுபனி ஒருவழியாக விலகியது. அதற்குப் பதில் இப்போது உறைபனி. ஒத்திகைக்கு நடந்து போனதில் காலுறை வரை நனைந்துவிட்டது.

புது நகைச்சுவை ஓபராவிலும் எனக்குத் தட்டு ஏந்தும் வேலைக்காரி வேடம்தான். நாலு வரி வசனம், கூட்டப் பாட்டில் ஒரு குரல். முப்பது தாண்டிவிட்டது. இனி எப்போது?

இடைவேளையில் எல்லோரும் கணப்பைச் சுற்றி விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தோம். சும்மா இருக்கமாட்டாமல், நான் குடியிருக்கும் வீட்டுக்காரி மிஸஸ் வெதரலையும், ஞாயிறுதோறும் அவரைப் பார்க்க வரும் குதிரைத் தீவனக் கடைக்காரர் மிஸ்டர் ஹார்லாக்கையும் நடித்துக் காட்டினேன். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து முழங்கால் மேல் தொப்பியைச் சுற்றிக்கொண்டே ஓட்ஸ் விலை பேசுவது. இந்த அம்மாள் பன் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அவர் பக்கம் நகர்த்துவது. கடைசியில் அவர் எழுந்து "அப்ப சரி" என்பது, இவர் "அப்ப சரி" என்பது. வாசல்வரை போனவர் ஏதோ சொல்லப்போகிறவர் மாதிரி திரும்பி, "பார்லியும் ஏறும்போலத்தான் இருக்கு" என்றுவிட்டுப் போவது. நாலு வருஷமாக இதே கதை.

விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கச் சிரிக்க எனக்கும் வேகம் வந்துவிட்டது. மோதிரக் கதையையும் சொல்லிவிட்டேன்.

இசையமைப்பாளர் மிஸ்டர் டேப்னி மட்டும் சிரிக்கவில்லை. எதையோ குறித்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 5, புதன்

மோதிரத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கிறிஸ்துமஸ் அன்று சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு மிஸஸ் வெதரல் சொன்னது அது. இறந்துபோன கணவர் போட்ட மோதிரத்தை ஞாயிறு காலை கழற்றி வைத்துவிடுவாராம். திங்கள் காலை மறுபடி போட்டுக்கொள்வாராம். "பைத்தியக்காரத்தனம்தான், கண்ணு. ஒருவேளை அவர் கேட்டுட்டா, விரல் காலியா இருக்கட்டுமேன்னு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லிடாத."

சொல்லமாட்டேன் என்று சொன்னேனா? தலையாட்டினேன். அதுவும் சொன்னதுதான்.

ஜனவரி 9, ஞாயிறு

ஹார்லாக் வந்தார். தொப்பி நிறைய பனி. படிக்கட்டில் நின்று கேட்டேன். தும்மினால்கூட முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் தும்முகிறார். இது நல்லா இருக்கே என்று மனசுக்குள் எடுத்து வைத்துக்கொண்டேன். யாருக்காக எடுத்து வைக்கிறேன்?

ஜனவரி 12, புதன்

பாட்டு தயார். டேப்னி பியானோவில் வாசித்துக் காட்டினார்.

ஓட்ஸ் விலை ஏறிப்போச்சென்று உட்கார்ந்தார்,
ஓட்ஸ் விலை இறங்குமென்று எழுந்து போனார்.

மெட்டு ஒருமுறை கேட்டால் ஒட்டிக்கொள்ளும் மெட்டு. காலைத் தட்டாமல் இருக்க முடியவில்லை. இரண்டாம் சரணம் முடியும்வரை நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாவது:

ஞாயிறு வந்தால் கழன்றது மோதிரம்,
திங்கள் வந்தால் ஏறிற்று மோதிரம்,
செத்துப்போன புருஷனுக்கு
வாராவாரம் ஒருநாள் விடுப்பு.

"இதை மட்டும் எடுத்துடலாம்" என்றேன்.

"பாட்டே அதுலதான் இருக்கு" என்றார் டேப்னி. "உனக்கு வேண்டாம்னா சொல்லு. மிஸ் ஓக்டன் நல்லாப் பாடுவா."

மிஸ் ஓக்டனுக்கு வயது இருபது.

பாடுகிறேன் என்றேன். யாரும் என் கையை முறுக்கவில்லை.

ஜனவரி 20, வியாழன்

முதல் ஆட்டம். இரண்டாம் அங்கத்தில் தட்டைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்து நின்றேன். தொப்பியைச் சுற்றும்போதே சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. மூன்றாம் சரணம் முடிந்ததும் கூரை பிய்ந்துபோகும்போல் ஒன்ஸ்மோர். பாடினேன். இன்னொரு ஒன்ஸ்மோர். அதையும் பாடினேன்.

எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இது என் நாட்குறிப்பு, இங்கே பொய் வேண்டாம். இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

ஜனவரி 27, வியாழன்

பாட்டு அச்சாகி வந்துவிட்டது. இசைத்தாள் கடையின் கண்ணாடி ஜன்னலில் மாட்டியிருக்கிறார்கள். தொப்பியோடு ஒரு ஆள், பன் தட்டோடு ஒரு அம்மாள், கையால் வண்ணம் தீட்டிய படம். கீழே சுழித்துச் சுழித்துச் செதுக்கிய எழுத்தில் "பெரும் கரகோஷத்துக்கிடையே மிஸ் ஹெஸ்டர் மாலோ பாடியது." என் பெயரின் வாலில் ஒரு பூங்கொத்தே வரைந்திருக்கிறார்கள். குளிர் தெரியாமல் வெகுநேரம் நின்றேன். இரண்டு பெண்கள் வந்து ஆளுக்கொன்று வாங்கிப் போனார்கள். இன்று மாலை அவர்கள் வீட்டுப் பியானோவில் மிஸஸ் வெதரலின் விரலிலிருந்து மோதிரம் கழலும்.

ஜனவரி 29, சனி

சமையலறையில் மாவு பிசைந்துகொண்டே மிஸஸ் வெதரல் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நின்று கேட்டேன். அதே மெட்டு.

"பால்காரி பாடிட்டே வந்தா. ஒட்டிக்கிச்சு" என்றார். "உங்க நாடகத்துப் பாட்டாமே. வார்த்தை என்ன ஹெஸ்டர்? அவளுக்கு மெட்டு மட்டும்தான் தெரியுது."

அவர் நாடகத்துக்கு வருகிறவர் இல்லை. தேவாலயம், கடைத்தெரு, சமையலறை, அவ்வளவுதான்.

"வார்த்தை… சரியா ஞாபகம் இல்லையே."

"தினம் பாடுற, ஞாபகம் இல்லையா?"

"ஒரு ஆட்டிடையன் பாட்டு. ஆடு தொலைஞ்சுபோயிடும். அந்த மாதிரி."

"பாவம்" என்றார் அவர், அந்த ஆட்டுக்காக. மறுபடி முணுமுணுத்தபடி மாவைப் பிசைந்தார். தாளம்கூடத் தப்பவில்லை.

பிப்ரவரி 3, வியாழன்

தேம்ஸ் உறைந்து கல்லாகிவிட்டது. ஊரே ஆற்றின் மேல் நிற்கிறது. ஆட்டிறைச்சி சுடுகிறார்கள், ஊஞ்சல் கட்டியிருக்கிறார்கள், அச்சு இயந்திரத்தைக்கூட இழுத்துக்கொண்டு போய்ப் பனிக்கட்டி மேல் நிறுத்தியிருக்கிறார்களாம்.

காலையில் ஹார்லாக் கதவைத் தட்டினார். வியாழக்கிழமை! கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். ஆற்றைப் பார்க்க வருகிறீர்களா என்று கேட்டார். நாலு வருஷத்தில் எங்கேயும் கூப்பிடாத மனிதர். மிஸஸ் வெதரல் ஊதா நிறத் தொப்பியை எடுத்துக் கட்டினார், அவிழ்த்தார், என்னிடம் வந்து, "நீ கட்டிவிடு, எனக்கு முடிச்சு கோணிக்கோணிப் போகுது" என்றார். கட்டிவிட்டேன்.

பிற்பகல் தனியாகத் திரும்பி வந்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை. தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் மேசைமேல் வைத்தார். ஆற்றின் மேல் அச்சடித்து விற்கும் மலிவுத் தாள். மை இன்னும் சரியாகக் காயவில்லை. இசைக்குறி கிடையாது, வார்த்தைகள் மட்டும். மூன்று சரணமும் இருந்தது.

"ஆட்டிடையன் பாட்டு இதுதானா, ஹெஸ்டர்?"

மாடிக்குப் போய்விட்டார்.

இரவு ஆட்டம் இருந்தது. போனேன். பாடினேன்.

பிப்ரவரி 6, ஞாயிறு

ஹார்லாக் வரவில்லை. இவரும் பன் சுடவில்லை. ஞாயிற்றுக்கிழமை, விரலில் மோதிரம் இருந்தது.

பிப்ரவரி 8, செவ்வாய்

என்னோடு பேசுகிறார். அதுதான் தாங்கவில்லை. "சூப் ஆறுது." "தண்ணி உறைஞ்சிருக்கு, பாத்து நட." வாடகைக்கு இருக்கும் எந்தப் பெண்ணிடமும் பேசுவதுபோல. திட்டித் தொலைத்தால் என்ன?

இன்று மேனேஜரிடம் போய்ப் பாட்டை எடுத்துவிடச் சொன்னேன்.

"எதுக்கு? தொண்டை கட்டிக்கிச்சா?"

"இல்ல. பாட்டுல வர்றவங்க நிஜமானவங்க. மனசு ஒடிஞ்சு போயிருக்காங்க."

அவர் சிரிக்கக்கூட இல்லை. "அம்மணி, பாட்டை எடுத்தா ஜனங்க பெஞ்சை உடைப்பாங்க. உன் மனசு கேக்கலேன்னா மிஸ் ஓக்டன்கிட்ட தட்டைக் குடு."

கொடுத்திருக்கலாம். அப்போதே கொடுத்திருக்கலாம். அவள் பாடினாலும் பாட்டு ஓயாது, நான் பாடினால் கொஞ்சம் மென்மையாகவாவது பாடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்ன ஒரு சாக்கு. அடியே ஹெஸ்டர், உனக்கு ஒன்ஸ்மோர் வேணும், அதைச் சொல்லு.

பிப்ரவரி 11, வெள்ளி

பாட்டில் வரும் ஆள் யார் என்று டேப்னி காப்பிக் கடையில் உட்கார்ந்து பெருமையடித்திருக்கிறார். தெருப் பையன்கள் தீவனக் கடை வாசலில் நின்று, "ஐயா, ஓட்ஸ் என்ன விலை?" என்று கத்துகிறார்களாம்.

பிப்ரவரி 15, செவ்வாய்

ஹார்லாக் கடைக்குப் போனேன். வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது. வாடிக்கையாளர் யாரும் இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் ஹார்லாக், நான் மிஸ் மாலோ."

"தெரியும். இசைத்தாள் கடை ஜன்னல்ல பேரைப் பாத்தேன்."

திரும்பவில்லை. நான் வழியெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு போன வார்த்தையெல்லாம் போய்விட்டது. மன்னிச்சிடுங்க என்று மட்டும் வந்தது. அவர் மூட்டையின் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டார். போட்ட முடிச்சை அவிழ்த்து மறுபடியும் போட்டார்.

"நான்தான் அதை வாங்கினேன்" என்றார். "அந்தத் தாளை. அவங்க அந்த மெட்டை முணுமுணுத்துட்டே நடந்து வந்தாங்க. வார்த்தை தெரிஞ்சா சந்தோஷப்படுவாங்கன்னு வாங்கிக் குடுத்தேன். ரெண்டு பேரும் சேர்ந்து படிச்சோம்."

வெளியே ஒரு வண்டி போனது. மூட்டையை நகர்த்திச் சுவரோரம் வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். என்னைப் பத்தி உங்ககிட்ட சொல்றப்ப அவங்க சிரிச்சாங்களா?"

"இல்ல. சிரிச்சது நான்தான். அவங்க ஒருநாளும் சிரிச்சதில்ல."

அப்போதுதான் திரும்பினார். தலையிலோ கையிலோ தொப்பி இல்லாமல் அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் நடித்துக் காட்டியதைவிட வயதானவர், அழகானவரும்கூட.

"அப்ப அந்த மோதிரம்… அது நிஜமா?"

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை. நல்லதுக்குத்தானே என்றும் தோன்றியது. அன்றைக்குக் கணப்பருகேயும் எனக்கு அப்படித்தான், எல்லாம் நல்லதாகவே தோன்றியது.

"அதை என்கிட்ட கேக்காதீங்க" என்றேன். "அவங்ககிட்ட கேளுங்க."

பிப்ரவரி 20, ஞாயிறு

கீழே கதவு தட்டும் சத்தம். ஜன்னல் வழியே தொப்பியை மட்டும் பார்த்தேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு படுத்திருந்தேன். என்ன பேசினார்கள் என்று தெரியாது. தெரியாமலே இருக்கட்டும். விளக்கேற்றும் நேரம் தாண்டித்தான் போனார்.

பிப்ரவரி 21, திங்கள்

மிஸஸ் வெதரல் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஈஸ்டர் கழிந்ததும் கல்யாணம்.

நான் அழுதுவிட்டேன். மனதிலிருந்து ஒரு மூட்டை இறங்கினதுபோல் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு அசட்டு நினைப்பும் வந்தது. எப்படியோ, அந்தப் பாட்டு இல்லாவிட்டால் இந்த மனிதர் இன்னும் நாலு வருஷம் ஓட்ஸ் பேசியிருப்பார் என்று. வாய் திறந்து சொல்லவில்லை. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"பாட்டால நடந்துச்சுன்னு நினைச்சுக்காத" என்றார் மிஸஸ் வெதரல். "அன்னைக்கு ஆத்துக்குக் கூட்டிட்டுப் போனதே கேக்கத்தான். மூணு நாளா மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு வந்தாராம். பாலத்துக்கிட்ட போனதும் கேட்டுடணும்னு. அதுக்குள்ள அந்தத் தாள் விக்கிறவன் வந்துட்டான்."

என்னால் அவரை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

"மன்னிச்சிடுங்க."

"மன்னிச்சாச்சு. அவர் கடைக்குப் போய் நின்னியாமே, அதுவும் சொன்னார்." சற்று நேரம் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். "ஆனா நீ வேற இடம் பாத்துக்கணும், ஹெஸ்டர். கோவம் இல்ல. இருந்துச்சு, போயிடுச்சு. ஆனா நீ இருக்கிற வீட்டுல எனக்கு வாயைத் திறக்க வரல. வெயில் அடிக்குதுன்னு சொல்றதுக்குக்கூட யோசிக்கிறேன். கல்யாணம் ஆகிப் பேசறதுக்கு எனக்கு இனிமேதான் நிறைய இருக்கு."

பிப்ரவரி 22, செவ்வாய்

டேப்னிக்கு விஷயம் எட்டிவிட்டது. "பாத்தியா, நம்ம பாட்டு சேத்து வெச்ச ஜோடி!" என்று என் முதுகில் தட்டினார். ஆறு என்றேன், பாலம் என்றேன். அவர் காதில் விழவில்லை. கடைசிச் சரணமாகக் கல்யாணத்தையும் சேர்த்து மறுபதிப்புப் போடலாமா என்று யோசிக்கிறாராம்.

மார்ச் 5, சனி

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு அறை கிடைத்துக் குடிபோனேன். கிளம்பும்போது மிஸஸ் வெதரல் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் துணியில் கட்டிக் கொடுத்தார். வாசலில் நின்றோம். "அப்ப சரி" என்று வாயில் வந்ததை விழுங்கினேன்.

மார்ச் 14, திங்கள்

நேற்றுமுன்தினம் மூன்றாம் சரணத்தை விட்டுவிட்டேன். இரண்டு சரணம் பாடி, வணங்கி, தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

கேலரியில் ஒருவன் ஆரம்பித்தான். பிறகு கீழே. பிறகு மொத்தக் கூட்டமும். ஞாயிறு வந்தால் கழன்றது மோதிரம். நான் இல்லாமலே முழுவதும் பாடி முடித்து, தங்களுக்குத் தாங்களே ஒன்ஸ்மோர் கேட்டுக்கொண்டார்கள்.

மேனேஜர் அபராதம் போட்டார். இன்று மூன்றையும் பாடினேன்.

ஏப்ரல் 18, திங்கள்

இன்று அவர்கள் கல்யாணம். எனக்கு அழைப்பு இல்லை. இருந்திருந்தாலும் எந்த முகத்தோடு போவேன்? மணி அடிக்கும் சத்தம் ஆற்றைத் தாண்டி இங்கே கேட்காது.

காலையில் புது வீட்டுக்காரி மிஸஸ் ட்ரெகோ, கஞ்சி ஊற்றிக்கொண்டே பேச ஆரம்பித்தாள். கப்பலில் போன மகனிடமிருந்து சேதியே இல்லையாம். யாராவது மாலுமி தெருவில் போனால் ஓடிப்போய் முகத்தைப் பார்ப்பாளாம். பார்த்துவிட்டு, கண்ணில் விழுந்த முடியை ஒதுக்குகிறவள் மாதிரி கையை நெற்றிக்குக் கொண்டுபோவாளாம், அவன் தப்பாக நினைக்கக்கூடாதே என்று. "இந்த மாதிரி" என்று செய்து காட்டினாள். "உங்ககிட்ட சொல்லலாம்னு தோணுச்சு, மிஸ். கேக்கிற முகம் உங்களுக்கு."

"என்கிட்ட சொல்லாதீங்க" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் முகம் சுருங்கிப்போனது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மாடிப்படி பாதி ஏறியிருப்பேன். என் கை நெற்றிக்குப் போய், இல்லாத முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தது. அச்சு அசல் அவளைப் போலவே.