பித்தப்பையைப் பிரிந்த விதம்

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நலம் விசாரித்து முதல் பத்தியை வீணாக்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை என்பது தெரியும். நேற்று உன் மகன் தொலைபேசியில், "பெரியம்மா, அம்மா மூணாவது தடவையா பித்தப்பை ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுட்டாங்க. கேட்டா இருமலாம். நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க" என்றான். நான் சொல்லி நீ கேட்டதற்கு அறுபத்தெட்டு ஆண்டுகளில் ஓர் உதாரணமும் நினைவுக்கு வரவில்லை. ஆயினும் எழுதுகிறேன்.

போன மாதம் என் பித்தப்பையை எடுத்ததை முறையாகச் சொல்கிறேன். நீ கற்பனை செய்வதுபோல் வயிற்றைக் கிழித்துப் போடுவதில்லை. தொப்புளருகே ஒன்று, விலாவுக்குக் கீழே மூன்று. சட்டைப் பொத்தான் நுழையுமளவு துளைகள். வயிற்றுக்குள் வாயுவைச் செலுத்திச் சற்று உப்பவைத்து, ஒரு துளை வழியே கேமராவை இறக்கி, திரையில் பார்த்தபடியே வேலையை முடிக்கிறார்கள். உள்ளே சரியாகத் தெரியாவிட்டால் மட்டும் பெரிதாகத் திறக்க நேரும். அதை டாக்டர் மறைக்காமல் முன்பே சொன்னார்.

மயக்கம் தெளிந்தபின் வயிற்றைவிட வலது தோள்தான் அதிகம் வலித்தது. மிச்சமிருந்த வாயுவின் குறும்பாம். இரண்டு நாளில் அடங்கியது. அன்று மாலையே நர்ஸ் வந்து, "ம், எழுந்து நடங்க. உங்களைத் தூக்கிட்டு நடக்க எனக்குச் சம்பளம் தரல" என்றாள். அவளை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. மறுநாள் வீட்டில் இருந்தேன். பித்தப்பையில் இருந்த கற்களைப் புட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். பதினேழு.

இனி, யாரிடமும் சொல்லாத ஒன்று. என் அறுவை ஒருநாள் தள்ளிப்போனது. வெறும் வயிற்றில் வரச் சொன்னதை மறந்து காலையில் பால்காபி குடித்துவிட்டேன் என்று எல்லாரும் சிரித்தீர்கள். மயக்க மருந்து டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்: "காலேஜ்ல பாடம் நடத்தின நீங்களே இப்படிப் பண்ணலாமா மேடம்? மயக்கத்துல அது மேல வந்து நுரையீரலுக்குள்ள போனா என்ன ஆகும்?"

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முப்பத்தோராண்டு விலங்கியல் கற்பித்தவள் நான். மறக்கவில்லை, சின்னவளே. சமையலறையில் நின்று, தெரிந்தே, நிதானமாக ஒரு டம்ளர் குடித்தேன். கத்திக்குப் பயந்தவளுக்கு அன்று வேறு சாக்கு கிடைக்கவில்லை.

ஆகவே இருமல் கதையை என்னிடம் அளக்காதே. அன்று மாலை நீ தொலைபேசியில், "உனக்கு அறிவிருக்கா அக்கா? காபியா முக்கியம்? ஒழுங்கா நாளைக்குப் போய்ப் படு" என்று கத்தினாயே, அந்தத் திட்டுதான் மறுநாள் என்னை ஸ்ட்ரெச்சரில் ஏற்றியது. இப்போது என் முறை. போன வாரம் நீ வலியில் சுருண்டு கிடந்ததைச் சொல்லும்போது உன் மகனின் குரல் சரியாக இல்லை. ஒரு கல் நழுவிப் பித்தக்குழாயை அடைத்தால் காமாலை, காய்ச்சல், இரத்தத்தில் கிருமி. அப்போது நாள் குறிக்கும் வசதி உனக்கு இருக்காது.

வியாழக்கிழமைக்குத் தேதி வாங்க உன் மகனிடம் சொல்லிவிட்டேன். புதன் மதியம் வந்து சேர்வேன். அறுவை அரங்கின் வாசலில் உட்கார்ந்திருப்பேன். அழமாட்டேன், அந்த வேலையை உன் மகன் பார்த்துக்கொள்வான்.

முன்னால் போகும் உரிமை மூத்தவளுடையது. வரிசையைக் குலைக்காதே.

உன் நலத்தை வேண்டும்,
அக்கா