திரும்பி வந்த மல்லாட்டை லாரி

அன்புச் சேசு,

லாரி திரும்பி வந்துவிட்டது. கரியமாணிக்கத்திலும் கரையாம்புத்தூரிலும் நான் வாங்கி, உடைத்து, பருப்பாக்கி ஏற்றி அனுப்பிய மல்லாட்டைக் கடலை. துறைமுகம் வரை போய், வாங்குகிறவனுடைய பரிசோதனையில் விழுந்து, போட்ட தார்ப்பாய் போட்டபடி பாகூர் குடோன் வாசலில் வந்து நின்றது. பூஞ்சை நஞ்சு அளவுக்கு மேல் என்றார்கள். அந்த லோடு அளவுக்குள் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் உன் மகள் ஜெனி.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. வருஷப் பூசைக்கு நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் எழுதிக் கொடுங்கள் என்று உன் வீட்டில் கேட்டார்கள். நல்லதாக நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். உன்னிடம் நான் எப்போது நல்ல வார்த்தை பேசியிருக்கிறேன்? பங்குக்காரர்களாக இருந்த காலம் முழுக்க சரக்கும் சண்டையும்தான் பேசினோம். அதையே எழுதுகிறேன். கடைத்தெருவில் நாலு பேர் படித்தால் படிக்கட்டும்.

உனக்கு உடம்பு முடியாமல் போனபோது ஜெனி மருந்துக் கம்பெனி லேப் வேலையை விட்டுவிட்டு வந்தாள். வில்லியனூரில் ஒரு மாடியைப் பிடித்துப் பரிசோதனைக் கூடம் திறந்தாள். நீ கட்டிலில் படுத்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டாய். "மச்சான், அவள நம்பு. உன் லோட அவகிட்ட குடு. நீ போனா மத்தவன் தானா வருவான்." நான் தலையாட்டினேன். நம்புகிறேன் என்று நான் சொல்லவில்லை. அதைக் கவனித்தாயா?

நான் நம்பாமல் பிழைத்தவன், சேசு. தலைச்சுமையாகக் கடலை விற்ற நாளிலிருந்து அடுத்தவன் தராசைத் தூக்கி அடித்தட்டைத் தடவிப் பார்த்தே வளர்ந்தேன். நீ எதிராளி முகத்தைப் பார்ப்பாய், நான் அவன் கையைப் பார்ப்பேன்.

லாரி திரும்பியதும் முதல் சந்தேகம் வாங்குகிறவன்மேல்தான். அவனுடைய தரகனைப் போனில் பிடித்தேன்.

"அண்ணே, எங்க லேப்ல ஏறிப்போச்சுண்ணே."

"போன மாசம் வெல ஏறுமுகமா இருந்தப்போ ஒண்ணும் ஏறலியேபா. இப்ப வெல எறங்குது, பூஞ்ச ஏறுது. இன்னாபா கணக்கு இது?"

"மெஷின் சொல்றதுண்ணே. நான் இன்னா பண்ணட்டும்?"

"மெஷினுக்கு யாருபா சம்பளம் குடுக்கறா?"

வைத்துவிட்டான்.

சென்னையில் ஒரு லேபுக்கு ஒரு பை அனுப்பினேன். அவன் மூன்றாவதாக ஓர் எண்ணைச் சொன்னான். ஒரே மல்லாட்டை, மூன்று இடம், மூன்று எண். நம் கடைக் கல்லை எடுத்துக்கொள். ஒரு கிலோ கல் பாகூரில் வைத்தாலும் பம்பாயில் வைத்தாலும் ஒரு கிலோ. முத்திரை ஆபீசர் வந்து தட்டிப் பார்த்து முத்திரை போட்டுவிட்டுப் போகிறார். கல் குறைந்தால் அபராதம். கண்ணுக்குத் தெரியாத இந்த நஞ்சை நிறுக்கிறவனுக்கு எவன் முத்திரை போடுகிறான்? ஊர் ஊருக்கு லேப் திறக்கிறார்கள், அந்தக் கேள்வியை மட்டும் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

அடுத்த சந்தேகம் உன் மகள்மேல். கோபித்துக்கொள்ளாதே, காரணம் இருந்தது. நம் தெருவில் எல்லாரும் அவளைத் தரகன் மாதிரிதான் வைத்திருக்கிறார்கள். சரக்கு தேறினால் கூலி. தேறாவிட்டால் "அப்பால பாக்கலாம்மா". தரகனுக்கு அதுதானே வழக்கம்? நானும் அப்படியே கொடுத்தேன், அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. லாரி வந்து நின்ற பிறகுதான் உறைத்தது. தேறினால்தான் கூலி என்றால் யாருக்குத்தான் தேறவில்லை என்று எழுத மனசு வரும்?

நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'சேசு பொண்ணு லேப் சரியில்ல' என்று டீக்கடையில் சொன்னால் அந்த வாரமே அவள் மாடிப்படியில் ஆள் ஏறாது. வேலையை விட்டு வந்தவள், திரும்பிப் போகவும் வழி இல்லை. சொல்லாமல் இருந்தால் அடுத்த லாரியும் திரும்பும், என்னை நம்பிக் கொல்லைக்காட்டில் விதைத்தவன் சரக்கை நான் எடுக்க முடியாது. அதனால் சொல்வதற்கு முன்னால் பிடித்துவிட நினைத்தேன்.

திரும்பி வந்த குவியலிலிருந்து மூன்று பை கட்டினேன். என் பெயர் வராமல், அபிஷேகப்பாக்கத்து ஆட்கள் மூன்று பேரிடம் கொடுத்து, ஆளுக்கு ஒரு நாள் தங்கள் சரக்கு என்று சொல்லி அவளிடம் கொடுக்கச் சொன்னேன். ஒரே குவியல். ஒரே எண் வர வேண்டும். வந்தது என்ன தெரியுமா? ஒன்று சுத்தம். ஒன்று அளவுக் கோட்டை ஒட்டி. ஒன்று கோட்டைத் தாண்டி எங்கேயோ.

மூன்று சீட்டையும் எடுத்துக்கொண்டு வில்லியனூர் போனேன். மூட்டை தூக்கும் நம் கோவிந்தனையும் கூட்டிக்கொண்டேன், சாட்சிக்கு. ஜெனி வெள்ளைக் கோட்டோடு வந்தாள். மேஜைமேல் சீட்டுகளைப் போட்டேன்.

"மூணும் ஒரே குவியல்மா. இன்னா சொல்றே?"

அவள் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எனக்குப் பரீட்சை வெச்சீங்களா மாமா?"

"ஆமா. வெச்சேன்."

"வெச்சது நல்லதுதான். கேள்வித்தாளே தப்பு." சிரிக்காமல் சொன்னாள். "எப்படி எடுத்தீங்க?"

"எப்படி எடுப்பாங்க? கையாலதான். ஆளுக்கு ரெண்டு கை."

அவள் ஒரு தட்டில் பருப்பைக் கொட்டிப் பரப்பினாள். இந்த நஞ்சு உப்பு மாதிரி எல்லாவற்றிலும் கலந்து கிடக்காதாம். தட்டு நிறையப் பருப்பு சுத்தமாக இருக்கும், எங்கேயோ ஒரு சொத்தை மட்டும் முழு விஷத்தையும் வைத்துக்கொண்டிருக்கும். அந்தச் சொத்தை அகப்பட்ட கைக்கு ஓர் எண், அகப்படாத கைக்கு வேறோர் எண். "நீங்க அனுப்புன மூணு பையும் மூணு சரக்கு மாமா. நான் மூணையும் சரியாத்தான் சொன்னேன்."

சாமர்த்தியமான பதில்தான். சாமர்த்தியமான பதில் எனக்கு எப்போதும் சந்தேகத்தைக் கூட்டும்.

"அப்ப மொதல்ல லாரிக்கு சரின்னு எழுதிக் குடுத்தியே, அது?"

"அந்தப் பையக் கட்டுனது யாரு?"

கோவிந்தன் தலையைச் சொறிந்தான். "நான்தாம்மா."

"எப்படி எடுத்தீங்கன்னு செஞ்சு காட்டுங்க."

அவன் தட்டிலிருந்து ஒரு கை அள்ளினான். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே உருட்டித் தேய்த்தான். ஒரு ஊது ஊதினான், தொலியும் தூசியும் பறந்தன. அப்புறம் கட்டைவிரலால் சுருங்கினது, கறுத்தது, ஒடிந்தது எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு, மொழுமொழுவென்று நின்ற பருப்பை மட்டும் அவள் முன்னால் நீட்டினான்.

ஜெனி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா இப்படித்தான் நீட்டும்," என்றாள்.

"அண்ணன் கத்துக்குடுத்த கைதாம்மா. வாங்கறவன் கண்ணுல சொத்தை ஒண்ணு படக்கூடாதும்பாரு."

"அந்தச் சொத்தையிலதான் கோவிந்தண்ணே, வெஷம் எல்லாம் கீது."

சேசு, உன் கையை நான் பார்த்திருக்கிறேன். சரக்கின் மாதிரியைக் காட்டுவதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. நீ கையைத் திறந்தால் வாங்குகிறவன் பேரத்தை மறப்பான். அந்தத் தெருவில் நாம் எல்லாரும், மாதிரி காட்டுவது என்றால் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டைக் கூட்டி வைப்பது போலத்தான் நினைத்தோம். வாங்குகிறவனுக்கும் அது தெரியும், அவனும் கழித்துத்தான் விலை சொல்வான். மெஷினுக்கு அந்த விவரம் தெரியாது. கொடுத்ததை அளந்து சொல்லிவிட்டது. உன்மேல் கோபப்படுவதா? உன் கை உன் மகளைப் பொய் சொல்ல வைத்ததே, இதற்கு நீ என்ன சொல்லியிருப்பாய்?

அப்போதும் நான் விடவில்லை. "சரி, மெஷின் சரின்னு எப்படிம்மா நம்பறது?"

ஃபிரிட்ஜிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள். நஞ்சு எவ்வளவு என்று ஏற்கெனவே அளந்து எழுதி வந்த கடலைப் பொடியாம். வெளிநாட்டிலிருந்து வருகிறது, தங்கம் வாங்குவது போல வாங்குகிறாள். சரக்கை வைக்கும்போதெல்லாம் இதையும் வைத்துப் பார்ப்பாளாம். பொட்டலத்தில் இருக்கிற எண் மெஷினில் வராவிட்டால் அன்றைக்குச் சீட்டு கிடையாது.

"இதுதான் என் எடைக்கல்லு மாமா."

"இந்தக் கல்லுக்கு எவன் முத்திரை போட்டான்?"

"அவங்க பல ஊரு லேபுக்கு அனுப்பி, எல்லாரும் அளந்து ஒத்துப்போனப்புறம்தான் எண்ண எழுதுவாங்க."

"அந்த லேபுங்களுக்கு?"

"மாமா!" என்றாள். பிறகு மெதுவாக, "நல்ல கேள்விதான். நம்ம பக்கம் அதக் கேக்கறதுக்குத்தான் ஆள் இல்ல. கரெண்டு போனா ஃபிரிட்ஜப் பாத்து அழறேன். மெஷினு ரிப்பேருன்னா மெட்ராஸ்லருந்து ஆளு வரணும். மெஷினு சரியான்னு கேக்க வந்த மொத யாவாரி நீங்கதான்."

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் நான் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பவன். ஆனாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் குடோனுக்கு வந்தாள். சாக்கில் குத்தி உருவும் இரும்புக் குழலோடு. மூட்டை மூட்டையாக, மூலையில் ஒரு குத்து, வயிற்றில் ஒரு குத்து. சொத்தை, தூசி, தொலி எதையும் ஒதுக்க விடவில்லை. கோவிந்தன் பழக்கதோஷத்தில் ஊதப் போனான். "வாய மூடுங்கண்ணே!" என்று ஒரு அதட்டல். அத்தனையையும் கலந்து, மாவாக அரைத்து, பல பொட்டலமாகக் கட்டி, "நீங்களே அடையாளம் போட்டு, மாத்தி வெச்சுக் குடுங்க, நான் திரும்பிக்கறேன்" என்றாள்.

திரும்பிக்கொண்டாள். நான் சும்மா இருப்பேனா? அரைத்துத்தான் பார்ப்பேன் என்று அவள் முதல் நாளே சொல்லியிருந்ததால், என் வீட்டு மிக்சியில் வேறு கடலையை அரைத்து ஒரு பொட்டலம் மடியில் வைத்திருந்தேன். அதையும் நடுவில் நுழைத்தேன்.

மறுநாள் போன் வந்தது. "மாமா, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே எண்ணு. ஒண்ணு மட்டும் நம்ம கொல்லை இல்ல. எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"வூட்லருந்து."

"சுத்தமா கீது. பயப்படாம சட்னி அரைங்க."

போனை வைத்துவிட்டுக் குடோனில் தனியாகச் சிரித்தேன், சேசு. அவள் சொன்ன எண் துறைமுகத்துக்காரன் சொன்னதற்குப் பக்கத்திலேயே இருந்தது. அவன் இந்தத் தடவை ஏமாற்றவில்லை. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

இப்போது குடோனில் பெண்கள் உட்கார்ந்து சொத்தை பொறுக்குகிறார்கள். பொறுக்கியதை எண்ணெய் ஆட்டுகிற ஒருவன் விலைக்குக் கேட்டான், பிண்ணாக்கு மாட்டுக்குத்தானே என்றான். மாட்டுக்குப் போனால் பாலில் வரும் என்று ஜெனி சொல்லியிருந்தாள். அந்தப் பால் யார் வீட்டு டம்ளருக்கு வரும்? குழி வெட்டிக் கொளுத்தச் சொல்லிவிட்டேன். பொறுக்கிய நல்ல பருப்பை அவள் குழலால் குத்தி எடுத்துப் பார்த்துச் சீட்டு கொடுத்த பிறகுதான் லாரி ஏறும்.

டீக்கடையில் நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. வேறொன்று சொன்னேன். "சேசு பொண்ண நான் மாட்டிவிடப் பாத்தேன்பா, மாட்டல. நீங்களும் ஒரு கை பாருங்க." நம் தெருவில் இதைவிடப் பெரிய சிபாரிசு உண்டா?

அவளை நம்புகிறாயா என்று நீ கேட்பாய். இன்னும் முழுசாக இல்லை. கட்டிலில் என் கையைப் பிடித்தபோது கொடுக்காத வாக்கை இப்போது கொடுக்கிறேன்: நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் அவளைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பேன். அவளுக்கு என்னால் ஆகிற உதவி அதுதான்.

அவள் மேஜையில் உட்கார்ந்து பேசி முடித்தோம். மாதிரியை அவள் வந்து எடுப்பாள், எங்கள் ஆள் கை வைக்கக் கூடாது. எந்த நாளும் யார் பெயரிலும் நான் திருட்டுப் பொட்டலம் அனுப்பலாம், அரைத்துக் கலந்துதான் அனுப்ப வேண்டும். அவள் எண் ஒத்துவராவிட்டால் அதை அவளே மாடிப்படி வாசலில் எழுதி ஒட்டுவாள். கூலி பைக்கு ஆயிரத்து ஐந்நூறு. நூறு குறை என்றேன். "கொறச்சா அந்தப் பொடியத்தான் மாமா கொறைக்கணும்" என்றாள். ஆயிரத்து ஐந்நூறு, தேறினாலும் அதே, தேறாவிட்டாலும் அதே. சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால், கையில் ரொக்கம்.

உன் மச்சான்,
உன் மகளுக்குச் சந்தேகக்கார மாமன்,
தனகோபால், பாகூர்.